ராஸ்பெரி பை மக்கர் செய்தால்: நெட்வொர்க் பாதுகாப்புச் சோதனை பழகுகிறவர்களுக்கு அறிகுறிவாரியாக

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலும் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பிள்ளைகள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. ஆளுக்கொரு ராஸ்பெரி பை, அதில் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் இயங்குதளமான காளி லினக்ஸ். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தக் கணினியை வைத்து நெட்வொர்க் ஓட்டைகளைச் சட்டத்துக்கு உட்பட்டுத் தேடிப் பழகுகிறோம். ஆனால் சோதனை தொடங்கும் முன்பே, கருவியை எழுப்புவதிலேயே பாதி ஞாயிறு போய்விடும். அப்படிப் போன நாட்களில் நோட்டில் குறித்து வைத்ததுதான் இது.

உங்களுக்குத் தெரிகிற அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பவர் கொடுத்தும் உயிர் இல்லை

"அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு, காலைல பாத்தா அசையவே மாட்டேங்கு." இப்படி யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது விளக்கைத்தான். பை 3, பை 4 போர்டுகளில் சிவப்பு மின்சாரத்துக்கு, பச்சை மெமரி கார்டு வாசிப்புக்கு.

சிவப்பு எரிகிறது, பச்சை சிமிட்டவே இல்லை: போர்டு கார்டைப் படிக்கவில்லை. பவரை எடுத்துவிட்டு கார்டை உருவி, தங்க நிறப் பட்டைகளைச் சுத்தமான துணியால் துடைத்து மறுபடி செருகுங்கள். சரியாகவில்லையா? இமேஜை, அதாவது இயங்குதளத்தை முழுதாகப் பொதித்த கோப்பை, கார்டில் மறுபடி எழுதுங்கள். எழுதும் முன் போர்டுக்கு ஏற்ற இமேஜ்தானா என்று பாருங்கள். பை 5-க்கான ஆதரவு காளியில் 2023 டிசம்பரில் வந்த 2023.4 பதிப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய இமேஜை பழைய பென் டிரைவிலிருந்து எடுத்து எழுதிவிட்டுப் போர்டைத் திட்டிப் பயனில்லை. அதிலும் தீரவில்லை என்றால் வேறொரு கார்டில் பாருங்கள். பை 4-க்கு இன்னும் ஒரு படி உண்டு. ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளில் பூட்லோடரை (போர்டைத் தொடக்கிவிடும் நிரலை) மீட்கும் சிறிய இமேஜ் ஒன்று இருக்கிறது. அதை எழுதிப் போட்டதும் பச்சை விளக்கு விடாமல் வேகமாகச் சிமிட்டினால் போர்டு பிழைத்துக்கொண்டது என்று பொருள்.

பச்சை நான்கு முறை, அல்லது ஏழு முறை சிமிட்டி நின்று, மறுபடி அதே எண்ணிக்கை: கார்டைப் படிக்கிறது, தொடங்கத் தேவையான கோப்பு கிடைக்கவில்லை. நான்கு என்றால் தொடக்கக் கோப்பு, ஏழு என்றால் இயங்குதளத்தின் கருவான கெர்னல். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, இமேஜை மறுபடி எழுதுவது.

பச்சை நன்றாகச் சிமிட்டுகிறது, திரை மட்டும் கருப்பு: பை 4-ல் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகள். பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல் துளை. அதில் கேபிளைச் செருகி, திரையை முதலில் ஆன் செய்துவிட்டு, அப்புறம் பைக்குப் பவர் கொடுங்கள்.

சிவப்பே எரியவில்லை: கேபிளை மாற்றுங்கள், அடாப்டரை மாற்றுங்கள். 2019-ல் வெளிவந்த முதல் பை 4 போர்டுகளில் யுஎஸ்பி-சி இணைப்பின் வடிவமைப்பில் ஒரு குறை இருந்தது. லேப்டாப்புக்கு வரும் சிப் வைத்த தடித்த கேபிளைப் போட்டால் அவை மின்சாரத்தையே ஏற்காது. அந்தப் போர்டுக்குச் சாதாரண கேபிள்தான் சரி. பிறகு வந்த போர்டுகளில் திருத்திவிட்டார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். நாற்பது பின் வரிசையில் 2-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே 5 வோல்ட் வர வேண்டும். 1-க்கும் 6-க்கும் நடுவே 3.3 வோல்ட். ஐந்து வந்து, மூன்று புள்ளி மூன்று வரவில்லை என்றால் போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப் போய்விட்டது. ஜம்பர் வயரை 5 வோல்ட் பின்னிலும் 3.3 வோல்ட் பின்னிலும் சேர்த்துத் தொட்டுவிட்டால் ஒரு நொடியில் நடந்துவிடும். வீட்டு சால்டரிங் அயர்னுக்கு அடங்காத வேலை அது. மொபைல் போர்டில் சிப் மாற்றிப் பழகிய கைக்காரரிடம் காட்டுங்கள். வாரண்டி இருந்தால் அவரிடம் போகுமுன் வாங்கிய கடைக்குப் போங்கள்.

நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது திரை மூலையில் மின்னல் குறி

எங்கள் அறைக்கு அதிகமாக வந்த கோளாறு இது. முக்கால்வாசி நேரம் போன் சார்ஜர்தான் காரணம். பை 3பி ப்ளஸுக்கு 2.5 ஆம்பியர், பை 4-க்கு 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர். மின்னழுத்தம் 4.63 வோல்ட் அளவுக்கு இறங்கினாலே போர்டு எச்சரிக்கும். சார்ஜரின் மேல் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும், ஒல்லியான நீளக் கேபிள் வழியில் வோல்ட்டைத் தின்றுவிடும்.

விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட் என்று ஓட்டிப் பாருங்கள். பூஜ்யம் எக்ஸ் பூஜ்யம் வந்தால் மின்சாரம் சுத்தம். 50000 என்றால் பை கிளம்பியதிலிருந்து எப்போதோ குறைந்திருக்கிறது, 50005 என்றால் இப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது. கேபிளைக் குட்டையாக்கி மறுபடி ஓட்டுங்கள். அடுத்து அடாப்டரை மாற்றுங்கள்.

வெளி வைஃபை அடாப்டரைச் செருகிய உடனே விழுகிறதா? பை 4-ன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தர முடியும். பெரிய ஆன்டெனா அடாப்டரும் வெளி ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தால் தாங்காது. தனிப் பவருள்ள யுஎஸ்பி ஹப் வாங்குங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மட்டும் விழுகிறதா? பைக்கு ஒன்றுமில்லை. பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறுகிற இடைவெளி குறையும். மாதாந்திர பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் நீளமான ஸ்கேன் எதையும் தொடங்காதீர்கள். பவர் பேங்கை நடுவில் வைப்பதும் ஒரு வழிதான், ஆனால் பல பவர் பேங்குகள் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக மாறும் அந்த நொடியில் வெளியீட்டைத் துண்டிக்கும். வாங்கியதும் சுவர்ப் பிளக்கைச் செருகியும் உருவியும் சோதித்துவிடுங்கள்.

விழவில்லை, ஆனால் மத்தியானமானால் ஊர்கிறதா? வெக்கை. சிப் 80 டிகிரியைத் தொட்டால் போர்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை அறையில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் வேறென்ன ஆகும்? விசிஜென்சிஎம்டி மெஷர் டெம்ப் ஓட்டிப் பார்த்து, மூடியைக் கழற்றுங்கள், பிறகு ஹீட் சிங்க், கடைசியாக ஃபேன். பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமித்த வடிவம்) உடைக்கும் பயிற்சியைப் பையில் ஓட்டாமல் லேப்டாப்புக்கு மாற்றிவிடுங்கள், அந்த வேலைக்குப் பை ஏற்றதே அல்ல.

திரை இல்லாமல் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து நெட்வொர்க் மூலம் கட்டளை தட்டும் முறை) வழியாக உள்ளே போக முடியவில்லை

பை எந்த ஐபியில் (நெட்வொர்க் முகவரியில்) இருக்கிறது என்றே தெரியவில்லை: ரவுட்டரின் பக்கத்திலோ, போன் ஹாட்ஸ்பாட்டின் இணைந்த கருவிகள் பட்டியலிலோ பாருங்கள். பட்டியலிலேயே இல்லை என்றால் ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையைப் பாருங்கள். பை ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ இரண்டுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் தெரியும். இப்போதைய போன்கள் 5-ல் நிற்கின்றன. போனில் 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோனாக இருந்தால் இணக்கத்தை அதிகரிக்கும் தேர்வை ஆன் செய்யுங்கள். கேபிள் துளையுள்ள போர்டு என்றால் ரவுட்டருக்கு நேராக ஒரு நெட்வொர்க் கேபிள் போடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

ஐபி தெரிகிறது, பாஸ்வேர்டு தவறு என்கிறது: 2020-க்குப் பிறகு வந்த காளி இமேஜ்களில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் காளி, காளி. பழைய பாடங்களில் இருக்கும் ரூட், டூர் இப்போது செல்லாது. உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். எட்டுப் பை ஒரே ரவுட்டரில், எட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால், பாதுகாப்பு பழக வந்த இடத்தில் எட்டுக் கதவையும் நாமே திறந்து வைத்திருக்கிறோம். எங்கள் அறையில் பாஸ்வேர்டு மாற்றாத பையை நெட்வொர்க்கில் சேர்க்க விடுவதில்லை.

எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் மிரட்டுகிறது: கார்டை மறுபடி எழுதினீர்களா? அப்படியானால் இது வர வேண்டியதுதான். எஸ்எஸ்ஹெச் கீஜென் கட்டளைக்குப் பெரிய ஆர் தேர்வும் ஐபியும் கொடுத்துப் பழைய பதிவை நீக்குங்கள். கார்டைத் தொடவே இல்லை என்றால் பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள். அந்த ஐபியை ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுத்திருக்கலாம், நடுவில் யாராவது பயிற்சிக்காக ஏஆர்பி ஏமாற்று வேலையை, அதாவது அந்த ஐபி தன் கருவிதான் என்று நெட்வொர்க்கை நம்பவைப்பதை, ஓட்டிவிட்டு நிறுத்த மறந்திருக்கலாம். எங்கள் அறையில் இரண்டும் நடந்திருக்கிறது. எது என்று தெரிந்த பிறகு உள்ளே போங்கள்.

அப்டேட் ஓடவில்லை

"ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்கிற பொருளில் பிழை வருகிறது, அல்லது எல்லா இணையதளத்துக்கும் சான்றிதழ் தவறு என்கிறது: கடிகாரம் பின்தங்கிவிட்டது. பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கிச் செருக வேண்டும். இரண்டு நாள் கரண்ட் எடுத்து வைத்திருந்தால், திரும்ப எழும்போது பழைய தேதியிலேயே எழும்.

டைம்டேட் சிடிஎல் ஓட்டித் தேதியைப் பாருங்கள். நேர மண்டலத்தை ஏசியா கொல்கத்தாவுக்கு வைத்து, நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபியை ஆன் செய்யுங்கள். சில கல்லூரி, ஹாஸ்டல் நெட்வொர்க்குகளில் நேரம் கேட்கும் யுடிபி 123 போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே தேதியைக் கையால் தட்டிவிடலாம், அல்லது போன் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நிமிடம் சேர்த்தால் போதும். இது அடிக்கடி நடந்தால் டிஎஸ் 3231 என்கிற சிறு கடிகார மாட்யூல் வாங்கிப் பின்னில் செருகுங்கள்.

தேதி சரி, ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது: 2025 ஏப்ரலில் காளி தன் தொகுப்புகளுக்கான கையொப்பச் சாவியை மாற்றியது. பழைய சாவி தங்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டதாக அவர்களே அறிவித்தார்கள். அதற்கு முந்தைய இமேஜில் இருப்பவர்கள் எல்லோரும் புதிய சாவிக் கோப்பைக் காளியின் சொந்த ஆர்க்கைவ் தளத்திலிருந்து ஒருமுறை இறக்கி, கீரிங்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும். போட்டதும் அவர்கள் வெளியிட்ட கைரேகை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடும் தேர்வைச் சேர்க்கச் சொல்லும் குறுக்குவழியை யார் காட்டினாலும் எடுக்காதீர்கள். யார் கொடுத்தது என்று பார்க்காமல் ரூட் உரிமையில் மென்பொருளை நிறுவுவது, இங்கே நாம் பழகுகிற அத்தனைக்கும் நேர் எதிரான காரியம்.

வைஃபை தெரிகிறது, மானிட்டர் மோட் மட்டும் வரவில்லை

மானிட்டர் மோட் என்பது சுற்றியுள்ள வைஃபை அலை எல்லாவற்றையும் அடாப்டர் கேட்கும் நிலை. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சோர்ந்துபோவது இங்கேதான். காசை வீணாக்குவதும் இங்கேதான். எதையும் வாங்குமுன் இதை முழுதும் படியுங்கள்.

முதலில் ஐடபிள்யூ லிஸ்ட் ஓட்டுங்கள். ஆதரிக்கும் முறைகள் என்ற பகுதியில் மானிட்டர் என்ற சொல் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனாலும் மாறவில்லை: நெட்வொர்க் மேனேஜர் அந்த அடாப்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏர்மான் என்ஜியில் செக் கில் கொடுத்தால் விட்டுவிடும். கூடவே உங்கள் இணையமும் போய்விடும். பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் நெட்வொர்க் மேனேஜரை மறுபடி தொடங்கினால் திரும்பிவிடும். வைஃபை வழியாகவே எஸ்எஸ்ஹெச்சில் இருந்துகொண்டு இந்தக் கட்டளையைத் தட்டினால் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டியதாகிவிடும். கேபிளில் இருந்துகொண்டு தட்டுங்கள்.

அடாப்டரே முடக்கப்பட்டிருக்கிறது என்கிறது: ஆர்எஃப்கில் லிஸ்ட் பாருங்கள், மென்முடக்கம் என்றால் அன்பிளாக் கொடுங்கள். நாட்டுக் குறியீடு இந்தியாவாக இருக்கட்டும். வேறு நாட்டில் நின்றுவிட்டால் 12, 13-ஆம் சேனல்களில் இருக்கும் உங்கள் ரவுட்டர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

பட்டியலில் மானிட்டர் என்ற சொல்லே இல்லை: பையின் உள் வைஃபைக்கு வழக்கமான டிரைவரில் அந்த வசதி கிடையாது. நெக்ஸ்மான் என்கிற ஒட்டு போட்ட ஃபர்ம்வேர் இருந்தால் சில போர்டுகளில் வரும். கெர்னல் மாறினால் அதுவும் உடையக்கூடும். பாடம் கற்க வந்த பிள்ளையை ஃபர்ம்வேரோடு மல்லுக்கட்ட விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளி அடாப்டர் ஒன்று வாங்குவதுதான் நேர்வழி.

வாங்கும்போது சிப்பைக் கேளுங்கள், பெட்டியின் பெயரைக் கேட்காதீர்கள். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப், அடுத்த பதிப்பில் வேறு சிப் என்று மாறி வருவது வழக்கம். ஏதெரோஸ் ஏஆர் 9271 லினக்ஸில் செருகியதும் ஓடும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். மீடியாடெக் எம்டி 7612யு இரண்டு அலைவரிசையிலும் ஓடும், டிரைவரும் கெர்னலிலேயே இருக்கிறது. ரியல்டெக் ஆர்டிஎல் 8812ஏயு என்றால், 6.14-க்கு முந்தைய கெர்னலில் டிரைவரைத் தனியே கட்ட வேண்டியிருக்கும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் எங்கள் பையன் ஒருவன் "அண்ணாச்சி, சிப்பு என்னன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கிறான். எல்லாம் ஒன்றுதான் என்று கொடுத்துவிட்டார்கள், வீட்டில் செருகிப் பார்த்தால் வேறு சிப். இப்போதெல்லாம் பையைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகி எல்எஸ்யுஎஸ்பி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்கிறேன். ஏஆர் 9271 என்றால் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கமே 9271 என்று வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மானிட்டர் மோடில் போனால் பக்கத்து வீடு, எதிர்த்த கடை எல்லாருடைய அலையும் காதில் விழும். உங்கள் ரவுட்டரின் சேனலையும் அடையாள எண்ணையும் கொடுத்து, அதை மட்டும் பதிவு செய்யும்படி கட்டிப்போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

என்மேப் ஓட்டினால் ஒரு கருவியும் தெரியவில்லை

என்மேப் என்பது நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, அவற்றில் எந்தப் போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்கிறது என்று தேடும் மென்பொருள். வலையமைப்பு எண் உங்களுடையதுதானா? வீடியோவில் பார்த்த 192.168.1-ஐ அப்படியே தட்டிவிட்டு "ஒண்ணுமே இல்லண்ணே" என்கிறவர்கள்தான் அதிகம். ஐபி ரூட் ஓட்டி உங்கள் எண் எது என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு ஒன்று, கல்லூரிக்கு 10-ல் தொடங்குவது ஒன்று. எண்ணைத் தவறாகத் தட்டுவது வெறும் நேர விரயம் அல்ல, அடுத்தவர் வாசலைத் தட்டுவதாகவும் ஆகலாம். 100.64-லிருந்து 100.127 வரை தொடங்கும் எண் தெரிந்தால் அது இணையம் கொடுக்கும் நிறுவனத்தின் உள்வலை, உங்கள் வீடு அல்ல. அங்கே நிறுத்துங்கள்.

எண் சரி, சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்ட முன்னால் போடும் சொல்) போட்டீர்களா? சூடோவோடு ஓட்டினால் அதே வலையில் என்மேப் ஏஆர்பி வழியாக, அதாவது இந்த ஐபி யாருடையது என்று நேரடியாக, கேட்கும். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்தாலும் ஏஆர்பிக்குச் சொல்லியே ஆகும். சூடோ இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும் கருவியையும் இல்லை என்றுவிடும்.

சூடோ போட்டும் ரவுட்டர் மட்டும் தெரிகிறது: வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல் ஆன் ஆகியிருக்கும், விருந்தினர் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் இருக்கும். உங்கள் ரவுட்டர் என்றால் ஆஃப் செய்யுங்கள். ஹாஸ்டல் என்றால் அது சரியாக வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள்.

பயிற்சி இலக்கு மட்டும் தெரியவில்லை: லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் என்கிற மென்பொருள் கணினிக்குள் ஓடுகிறதா? நெட்வொர்க் நேட் முறையில் இருந்தால் பைக்கு அது எட்டாது. ஹோஸ்ட் ஒன்லி என்றாலும் அப்படித்தான். பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் மெட்டாஸ்பிளாய்டபிள் போன்ற பயிற்சி இலக்குகள் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்தவை. வீட்டு வைஃபையில் பிரிட்ஜ் செய்தால் தங்கச்சியின் போனும் அம்மாவின் டிவியும் இருக்கும் அதே தெருவில் பூட்டில்லாத வீட்டைக் கட்டுகிறோம். பழைய ரவுட்டர் ஒன்றை எடுங்கள். அதன் இணையத் துளையில் எதையும் செருகாதீர்கள். பை ஒரு கேபிள், லேப்டாப் ஒரு கேபிள். அதுதான் சோதனைக்கூடம். எங்கள் மாடியில் அப்படிப்பட்ட ரவுட்டருக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. சிவப்பு டேப்புக்கு வெளியே யாரும் ஸ்கேன் ஓட்டுவதில்லை.

கருவி தெரிகிறது, ஆயிரம் போர்ட்டும் மூடியது என்கிறது: எண் ஏதும் கொடுக்காவிட்டால் என்மேப் அதிகம் புழங்கும் ஆயிரத்தை மட்டும்தான் பார்க்கும். காளியின் தொகுப்பிலிருந்து நிறுவும் டிவிடபிள்யூஏ என்கிற பயிற்சி இணையதளம் 42001-ல், அதுவும் அதே கருவிக்குள் மட்டும் கேட்கும்படி ஓடுகிறது. வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது. மூடியது என்பதற்குப் பதில் ஃபில்டர்டு என்று வந்தால் நடுவில் ஃபயர்வால் பதிலை விழுங்குகிறது.

ஸ்கேன் முடியவே மாட்டேங்கு: யுடிபி ஸ்கேனா? லினக்ஸ் இலக்குகள் மூடிய போர்ட்டுக்கு நொடிக்கு ஒரு பதில் என்று அளந்துதான் கொடுக்கும். 65,536 போர்ட்டையும் கேட்டால் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேவையான நாலைந்து போர்ட்டை மட்டும் கேளுங்கள்.

பயிற்சி இலக்கு பையில் ஓடவே இல்லை, எக்ஸெக் ஃபார்மட் பிழை

இன்டெல் கணினிக்குக் கட்டிய இமேஜை ஆர்ம் சிப்பில் ஓட்டப் பார்க்கிறீர்கள். மெட்டாஸ்பிளாய்டபிள் 2 பையில் ஓடாது, லேப்டாப்புக்கு மாற்றுங்கள். டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) என்றால் ஆர்ம் 64 இமேஜ் இருக்கிறதா என்று பாருங்கள், ஜூஸ் ஷாப் என்கிற பயிற்சி இலக்குக்கு இருக்கிறது. யுநேம் ஹைஃபன் எம் ஓட்டி 64-பிட் காளிதான் போட்டிருக்கிறீர்களா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

கோப்பு எதையும் எழுத முடியவில்லை, வாசிக்க மட்டும் விடுகிறது

கரண்ட் போய்ப் போய் வந்த கார்டின் கதறல் இது. இன்னொரு ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் முன் முக்கியக் கோப்புகளை எஸ்எஸ்ஹெச் வழியாக வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு கார்டை உருவி, வேறொரு லினக்ஸ் கணினியில், மவுன்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல்), கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். பிழைத்துக்கொண்டால் நல்லது. டிமெசேஜ் பதிவில் எம்எம்சி பிழைகள் வரிசையாக வந்தால் கார்டு போகப்போகிறது.

புதிய கார்டிலும் ஒரு வாரத்தில் இதே கதை என்றால் கார்டு போலியாக இருக்கலாம். 128 ஜிபி என்று காட்டிவிட்டு உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். எஃப்3 என்ற சிறு மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பில்லோடு வாங்கினால் அந்த முடிவைக் காட்டி மாற்றலாம். கார்டில் இருந்த கல்லூரி ப்ராஜெக்ட் முழுதும் போய், வேறு நகலும் இல்லை என்றால், மேற்கொண்டு அதில் எதையும் எழுதாமல் தரவு மீட்கும் ஆளிடம் கொடுங்கள். விலை கார்டைப் போலப் பல மடங்கு இருக்கும் என்பதையும் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

ஸ்கேனில் நம்முடையது அல்லாத ஒன்று தெரிகிறது

இதையும் ஒரு கோளாறாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் ஒரு பிள்ளையின் வாழ்க்கை கெடும்.

தவறுதலாகத் தெரிந்தது: கன்ட்ரோல் சி. ஸ்கேனை நிறுத்துங்கள். பதிவை நீக்க வேண்டாம், தேதி, நேரம், நீங்கள் தட்டிய கட்டளை மூன்றையும் குறித்து வையுங்கள். அந்த முகவரியை இன்னொரு முறை தொட்டுப் பார்க்காதீர்கள்.

உள்ளே போகும் வழி திறந்திருப்பதும் தெரிந்துவிட்டது, டியூஷன் சென்டரின் கேமரா பெட்டி, துணிக்கடையின் பில் போடும் கணினி என்று: உள்ளே போகாதீர்கள், பாஸ்வேர்டு தட்டிப் பார்க்காதீர்கள். உரிமையாளரிடம் நேரில் போய், தற்செயலாகத் தெரிந்தது என்று சொல்லுங்கள். இருபது வயதுக்குள் இருப்பவர் என்றால் ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதைச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அமைப்பு என்றால் 70-ஆம் பிரிவு, பத்து ஆண்டு வரை. அதில் முயற்சி செய்வதே குற்றம்.

அரசு அலுவலகம், மின்சாரம், வங்கி, அணு உலை போன்றவை: அருகே போகவே கூடாது. நம் மாவட்டத்தில் இது வெறும் பேச்சு அல்ல. கூடங்குளத்தின் நிர்வாக வேலைக்கான வலையில் இருந்த ஒரு கணினியில் தீம்பொருள் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் உள்வலை அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்றும் சொன்னது. செப்டம்பர் 4 அன்றே தகவல் சொன்னது செர்ட்-இன், அதாவது மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழு. பெரிய இடத்தில் எதையாவது தற்செயலாகக் கண்டால் நீங்களும் அந்தக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும்.

உங்கள் கணக்கில் பணம் போனது, உங்கள் கருவியிலேயே யாரோ புகுந்தார்கள்: பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். கருவியை இணையத்திலிருந்து மட்டும் துண்டித்து வையுங்கள், அழித்து மறுபடி நிறுவாதீர்கள். சாட்சி அதில்தான் இருக்கிறது. அதற்குமேல் நாம் நோண்ட வேண்டிய வேலை இல்லை, சைபர் கிரைம் போலீஸின் வேலை.

உறவுக்காரர் கடையைச் சோதித்துத் தரச் சொல்கிறார்: வாய்ச் சொல் போதாது. மாமாவாக இருந்தாலும் தாளில் எழுதி வாங்குங்கள். எந்தக் கருவி, எந்த ஐபி, எந்தத் தேதியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எதைச் செய்யக்கூடாது, பில் போடுவது நின்றுவிட்டால் யாருக்குப் போன் செய்வது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இணைப்பு அவர் பெயரில்தான் இருக்கிறதா, வாடகைக் கட்டடத்தின் பொது வைஃபையா என்று கேளுங்கள். பொது வைஃபை என்றால் கட்டட உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் அவரிடம், ஒன்று உங்களிடம்.